எழுத்து முடிந்த ஆளுக்கு ஆங்கில வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையில் பத்து வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்த வாய் இல்லாவிட்டால் நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பறைக்குள் வைத்து மேய்க்க முடியாது. ஆனால் கொழும்பில், விசாக் கந்தோரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் வாய்க்கொழுப்பில் சொன்னது இல்லை. உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மைதான் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

எனக்குப் பேசின மாப்பிள்ளை எமிலியானுஸ், பக்கத்துச் சுருவில் கிராமத்து ஆள். தொண்ணூற்றாறில் வலையையும் வள்ளத்தையும் அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு லண்டனுக்கு அகதியாகப் போனவர். ஏழு வருடம் கழித்து, சண்டை நின்றிருந்த இரண்டாயிரத்து மூன்றில், பிரித்தானியக் கடவுச்சீட்டோடு மூன்று வாரம் லீவில் ஊருக்கு வந்தார். அவருடைய அக்கா அதற்கு முதலே என்னைப் பேசி முற்றாக்கி வைத்திருந்தார். எமிலியானுஸுக்கு லண்டனில் பாண் ரொட்டி சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே லீவு கொடுத்தது மார்ச்சில். மார்ச் தவக்காலம். தவக்காலத்தில் எங்கள் தீவில் கத்தோலிக்கர் யாரும் கலியாணம் கட்டுவதில்லை. பூ இல்லை, மேளம் இல்லை, நல்ல சீலை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

“பெடியன் கெதியிலை திரும்பவேணுமெண்டால், ஆரவாரமில்லாமல் ஆசீர்வாதத்தை மட்டும் குடுத்துவிடலாம்,” என்று பங்குச் சுவாமி இரங்கி வந்தார்.

“செத்தவீட்டுப் பூசை மாதிரியோ சுவாமி? முப்பத்திரண்டு வயசுவரைக்கும் காத்திருந்தனான். மேளமில்லாமல், பூவில்லாமல் கட்டுறதுக்கோ?” என்றேன். அம்மாவும் என் பக்கம் நின்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் பிறகு மூன்று வருடம் இருந்து அழுதேன்.

ஆகவே எழுத்து மட்டும் நடந்தது. பதிவாளர் கந்தோரில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். விசாவுக்குப் பத்திரம் வேண்டுமே. ஆனால் எங்கள் ஊரில் எழுத்து என்பது கலியாணம் அல்ல. கோயிலில் சுவாமிக்கு முன்னால் கைபிடித்து, தாலி ஏறினால்தான் கலியாணம். அதுவரை மாப்பிள்ளை தன் வீட்டில், பெண் தன் வீட்டில். அவரை நான் யாரிடமும் என் கணவர், என் மனுசன் என்று சொன்னதில்லை. “எழுத்து முடிஞ்ச ஆள்” என்றுதான் சொல்வேன்.

கந்தோருக்குப் போய்வந்தது ஒரு வான் வண்டியில். ஒன்பது பேர். அவர் சாரதிக்குப் பக்கத்தில். நான் கடைசி வரிசையில், அம்மாவுக்கும் அவருடைய அக்காவுக்கும் நடுவில் நசிந்துகொண்டு. போகும்போதும் வரும்போதும் நான் கண்டது அவருடைய பிடரியைத்தான். புதிதாக முடி வெட்டிப் பவுடர் போட்டிருந்தது. சிரிக்காதேயுங்கள், அதற்குப் பிறகு நான் படுத்தால் எழும்பினால் நினைத்து ஏங்கியது அந்தப் பிடரியைத்தான். வேறு எதைக் கிட்டப் பார்க்க விட்டார்கள்? பின்னேரங்களில் வீட்டுக்கு வருவார். அவர் ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில், நடுவில் அம்மா செபமாலையோடு. “சீனி காணுமோ?” என்று கேட்பேன். “ஓம், காணும்,” என்பார். மூன்று வாரத்தில் நாங்கள் கதைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

போகிற அன்று வாசல் படலையடியில் நின்று சொன்னார். “விசா வந்த கையோடை நான் வருவன். கோயிலிலை கைபிடிச்சு, ஒரே பிளேனிலை கூட்டிக்கொண்டு போவன். நீர் யோசியாதையும்.” நான் தலையாட்டினேன். வாய்க்காரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அவர் போய் இரண்டு மாதத்தில் றொபேட் அண்ணையின் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. றொபேட் அண்ணை சந்தியில் ரெலிபோன் கடை வைத்திருந்தவர். அந்த வருடம்தான் இரண்டு கொம்பியூட்டர் வாங்கி இன்ரநெற்றும் எடுத்திருந்தார். நான் ஓடிப்போய்ப் போனை எடுத்தால், லண்டனிலிருந்து எமிலியானுஸ். என் சுகத்தைக்கூடக் கேட்கவில்லை.

“உமக்கு ஒரு வேலை இருக்கு. இஞ்சை எங்கடை ஆக்கள் எட்டுப் பேருக்கு இங்கிலிசு படிப்பிக்கவேணும்.”

“அங்கை அகதியளுக்கு இலவச வகுப்பு இருக்குத்தானே?”

“போனனாங்கள். இருவத்திரண்டு வயசுப் பிள்ளை ஒண்டு அப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன எண்டு கேக்குது. எங்களோடை வந்த நடராசா அண்ணைக்கு ஐம்பத்தி நாலு வயசு. நாங்கள் என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளை ‘வெரி குட்’ எண்டு கையைத் தட்டுது. பிழைக்கும் வெரி குட், சரிக்கும் வெரி குட். பாவம், நல்ல பிள்ளைதான். ஆனால் எங்களுக்கு வெக்கமாய்ப் போச்சு. திரும்பிப் போகேல்லை.”

“எட்டுப் பேரும் இத்தனை வருசமாய் என்ன செய்தனீங்கள் அங்கை?”

“பாண் சுட்டனாங்கள்,” என்றார். “தமிழ் ஆக்களோடைதான் வேலை. இங்கிலிசு தேவைப்படேல்லை. போன கிழமை நடராசா அண்ணைக்கு நெஞ்சுக்குள்ளை நொந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டொக்ரர் கேட்ட எல்லாத்துக்கும் யெஸ் எண்டு தலையாட்டியிருக்கிறார். குடிக்கிறனீரோ? யெஸ். சத்தி எடுத்தனீரோ? யெஸ். கர்ப்பமோ எண்டு கேட்டிருந்தாலும் யெஸ் எண்டுதான் சொல்லியிருப்பார்.”

இப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. லண்டனில் அப்போது காலை. அங்கே நடராசா அண்ணையின் அறையில் எட்டுப் பேரும் ஒரு கொம்பியூட்டரைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். ஒரு மைக். அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கதைக்கவேண்டும். இங்கே நான் றொபேட் அண்ணையின் கடையில், ஜெனறேற்றர் சத்தத்துக்கு மேலால் கத்திக்கொண்டிருப்பேன். முகம் பார்க்கிற வசதியெல்லாம் இல்லை. எங்கள் இணைப்பு குரலைக் கொண்டுவருவதே பெரிய பாடு.

இரண்டாவது ஞாயிறே கடைக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்கு இங்கே வீட்டுக்காரிகள் இருந்தார்கள். ரெலிபோனில் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் குரல் கேட்கிற பெண்கள். வகுப்பில் இலவசமாக ஒரு மணித்தியாலம் கேட்கலாம் என்றால் விடுவார்களா? சரவணையிலிருந்தும் சுருவிலிலிருந்தும் பஸ் பிடித்து வந்து எனக்குப் பின்னால் நீள மர வாங்கில் வரிசையாக இருந்துவிடுவார்கள். றொபேட் அண்ணை இரண்டாவது வாங்கும் செய்வித்தார்.

நடராசா அண்ணையின் மனைவி அம்பிகை அக்கா முதல் நாளே என் தோளைச் சுரண்டினார். “ரீச்சர், குளிசை ஒழுங்காய்ப் போடுறாரோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. இங்கிலிசிலையே கேளுங்கோ, பாடமாயும் போகும்.”

கேட்டேன். அந்தப் பக்கம் மைக் கைமாறுகிற சரசரப்பு. பிறகு நடராசா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, “டேப்லெட் யெஸ். எவ்ரி டே. சுகர்… நோ சுகர்,” என்றார்.

அம்பிகை அக்காவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும், “பொய் சொல்லுறார். குரலிலை தெரியுது,” என்றார். சொல்லிவிட்டுச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் நடராசா அண்ணையை ஆங்கிலத்தில் ஒரு கிழி கிழித்தேன். அடுத்த ஞாயிறு அவர் சீனி போடாத தேத்தண்ணியைப் பற்றி ஐந்து வசனம் எழுதி வாசித்தார்.

அதற்குப் பிறகு பாடப்புத்தகம் எதற்கு? வாங்கிலிருந்துதான் பாடம் வரும். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? குளிருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? மகன் பரீட்சையில் தேறியிருக்கிறான், என்ன சொல்கிறீர்கள்? ஒருவர் மகனுக்குச் சொல்ல வந்த பதிலில் பாதியில் நின்று அழுதுவிட்டார். “இங்கிலிசிலை அழும், அப்பதான் புள்ளி,” என்று பின்னாலிருந்து யாரோ பகிடி விட, இரண்டு நாட்டிலும் சிரித்தார்கள்.

என்னுடைய ஆளும் எட்டில் ஒருவர். ஆனால் எனக்குக் கேட்க இருந்ததை எப்படிக் கேட்பது? ஊரே முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பக்கத்தில் ஏழு ஆம்பிளைகள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ரீச்சர் தன் ஆளுக்குச் சலுகை காட்டுகிறா என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று மற்றவர்களுக்கு ஒரு ஏச்சு என்றால் அவருக்கு நாலு கொடுப்பேன். “வீட்டுவேலை ஏன் செய்யேல்லை? பாண் மாவோ மண்டைக்குள்ளை இருக்கு?” என்பேன். “சொறி ரீச்சர்,” என்பார். கதைக்க முதல் அவர் ஒரு மூச்சு இழுப்பார், அது மைக்கில் கேட்கும். அந்த மூச்சுக்காகவே நான் ஞாயிறு வரைக்கும் ஆறு நாளையும் தள்ளினேன். ஒருநாள் இருமினார். அடுத்த ஞாயிறு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து எடுத்தீர்களா என்று கேட்பதற்கு, எட்டுப் பேரையும் மருந்துக் கடையில் கதைப்பது எப்படி என்று ஒரு மணித்தியாலம் படிப்பித்தேன். பைத்தியம் என்றால் அப்படிப் பைத்தியம்.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. அவருக்கு வாடகை வீடு எடுக்கவேண்டும், சம்பளப் பத்திரம் சேர்க்கவேண்டும், அது இது என்று இழுபட்டு, இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில்தான் எனக்குக் கொழும்பில் நேர்முகம் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆங்கில ரீச்சருக்கு மொழிபெயர்ப்பாளரோ! வேண்டாம் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள்.

“உங்களுக்கு எப்போது திருமணம் நடந்தது?”

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “இன்னும் நடக்கவில்லை. பதிவு மட்டும்தான் முடிந்தது,” என்றேன்.

அவள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அப்படியென்றால் இவர் உங்கள் கணவர் இல்லையா?”

“கோயிலில் கலியாணம் முடிந்த பிறகுதான் கணவர்.”

“இருவரும் எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தீர்கள்?”

“ஒரு நாளும் இல்லை. ஒரு மணித்தியாலம்கூடத் தனியாக இருந்ததில்லை.” அதையும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். எங்கள் ஊரில் எந்தத் தாயும் கேட்டுப் பெருமைப்படுகிற பதில் அது. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து லண்டனுக்குப் போன் எடுத்து, “நல்லாய்ச் செய்திருக்கிறன். ஒரு பிழையும் விடேல்லை,” என்று சொன்னேன். அவரும், “நீர் செய்வீர் எண்டு தெரியும்,” என்று சந்தோசப்பட்டார்.

ஐந்து வாரத்தில் கடிதம் வந்தது. விசா இல்லை. விண்ணப்பதாரர் தனக்குத் திருமணம் ஆகவில்லை என்று தன் வாயாலேயே கூறியிருக்கிறார். கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

எண்ணம் இல்லையாம்! மாதாவே, அந்த வரியை வாசித்துவிட்டு நான் கட்டிலில் விழுந்தவள் இரண்டு நாள் எழும்பவில்லை. கோபம் யாரில் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளிலா? தவக்காலத்திலா? மேளம் வேண்டுமென்று நின்ற என்னிலா? அந்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. நாலரைக்கு றொபேட் அண்ணை படலையடியில் வந்து நின்றார்.

“பிள்ளை, எட்டுப் பேரும் காத்துக்கொண்டிருக்கினம். வாங்கிலையும் ஆக்கள் இருக்கினம். வாரும்.”

போனேன். லண்டனில் என் ஆள்தான் முதலில் மைக்கை வாங்கினார். அன்றைக்கு வகுப்பில் முதல்தரம் தமிழில் கதைத்தார்.

“நீர் சொன்னதிலை என்ன பிழை? என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்.”

“அப்ப இரண்டு விசரும் சரியாய்த்தான் பொருந்தியிருக்கு,” என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

உடனே வந்து கோயிலில் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவருடைய லோயர் மறித்துவிட்டார். மேன்முறையீடு போட்டாயிற்று, இப்போது அவசரமாகப் போய்க் கட்டினால் விசாவுக்காகக் கட்டியது என்றுதான் எடுப்பார்கள், முதலில் வழக்கு முடியட்டும் என்றாராம். வழக்கு லண்டனில். நான் போக முடியாது. நீதவானுக்கு முன்னால் நின்று நான் தன் மனைவிதான் என்று அவர்தான் சொல்லவேண்டும். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம். அவர் மாட்டேன் என்று நின்றார்.

“மூண்டு வருசமாய் நீர் படிப்பிக்கிறீர். மனுசியிட்டைத்தான் இங்கிலிசு படிச்சனான் எண்டு சொல்லிப்போட்டு, பக்கத்திலை மொழிபெயர்க்க ஆளை வைச்சுக்கொண்டு நிண்டால் ஆர் நம்புவினம்?”

ஆகவே ஐந்து மாதம் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பாடம்: வழக்கு. லோயர் எழுதிக் கொடுத்த கேள்விகளை நான் நீதவானாக இருந்து கேட்பேன். எட்டுப் பேரும் முறைவைத்துப் பதில் சொல்லவேண்டும். நடராசா அண்ணைக்குக்கூட என்னுடைய பிறந்த திகதியும் படித்த பள்ளிக்கூடமும் மனப்பாடம். அதற்குள் ஊர் திரும்பவும் கெடத் தொடங்கிவிட்டது. துப்பாக்கிச் சூடு, சுற்றிவளைப்பு, திடீர் திடீரென்று ஊரடங்கு. நாலு மணி வகுப்பை இரண்டு மணிக்கு மாற்றினோம். வாங்கில் ஆட்கள் குறைந்தார்கள். அம்பிகை அக்கா மட்டும் எப்படியாவது வந்துவிடுவார்.

லோயரின் கடைசிக் கேள்வி இதுதான்: நீங்கள் இந்தப் பெண்ணோடு ஒரு நாளும் சேர்ந்து வாழவில்லை. அப்படியிருக்க இவர் உங்கள் மனைவி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

என் ஆள் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இதற்கு அந்த மூச்சை இழுப்பார், பிறகு ஒன்றும் வராது. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு, “இதுக்கு நீர் ஒரு பதில் எழுதித் தாருமன். நான் பாடமாக்கிறன்,” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “என்னது? உங்களுக்கு நான் ஏன் வேணுமெண்டு நானே எழுதித் தாறதோ? அதையும் ஒரு கட்டுரையாய் எழுதிப் பிழை திருத்தித் தரட்டோ? வெக்கமாயில்லையே உங்களுக்கு? வேறை எந்தக் கேள்விக்கும் எழுதித் தருவன். இதுக்குத் தலைகீழாய் நிண்டாலும் தரமாட்டன்!”

அவர் மெல்ல, “சொறி ரீச்சர்,” என்றார். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சம் இல்லை. அவருக்கு உண்மையாகவே பதில் தெரியாது என்றால்? ஒரு பிடரியையும் ஒரு மூச்சையும் வைத்துக்கொண்டு நான் மட்டும்தான் மூன்று வருடம் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேனா?

ஆனி மாதம் வழக்கு நடந்தது. அன்று பின்னேரம் போனில் வந்தார்.

“முடிஞ்சுது. ஒரு மணித்தியாலம் கேட்டவை. எல்லாத்துக்கும் இங்கிலிசிலைதான் சொன்னனான்.”

“கடைசிக் கேள்வியைக் கேட்டவையோ?”

“ஓம்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“சொல்லவேண்டியதைச் சொன்னனான்.”

“அதுதான் என்ன?”

“காசு ஓடுது, வைக்கிறன்,” என்று வைத்துவிட்டார். பார்த்தீர்களா ஆளை!

யூலைக் கடைசியில் முடிவு வந்தது. வென்றுவிட்டோம். விசா கொடுக்கச் சொல்லி நீதவான் எழுதியிருந்தார். றொபேட் அண்ணை கடையில் நின்ற எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். அம்பிகை அக்கா என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி கோயிலில் கலியாணம் என்று சுவாமியிடம் நாள் எடுத்தோம். இந்தமுறை மேளம் உண்டு. அவர் ஓகஸ்ட் பதினொன்றில் அங்கிருந்து ஏறுகிறார், நீதவானின் கடதாசியையும் கொண்டுவருகிறார், கலியாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் கொழும்புக்குப் போய் விசாவைக் குத்துவிக்கிறோம். அம்மா கூறைச் சீலைக்கு முந்தானை தைத்துக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் பதினோராம் திகதி பின்னேரம் யாழ்ப்பாணத்தின் நுழைவாயிலான முகமாலையில் சண்டை தொடங்கியது. அன்றே கொழும்புப் பாதையைப் பூட்டினார்கள். இரவிரவாகத் தீவுப்பக்கமும் பீரங்கிச் செல்லடி. விடிய எழும்பினால் ஊரடங்கு, ரெலிபோன் இல்லை, கரண்ட் இல்லை, கடை இல்லை. அவர் ஏறினாரா, இறங்கினாரா, எங்கே நிற்கிறார் என்று கேட்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை. பத்தொன்பதாம் திகதி வந்தது. நான் காலையில் எழும்பி முழுகினேன். ஏன் முழுகினேன் என்று அம்மா கேட்கவில்லை. பகல் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இருட்டிவிட்டது.

கப்பலில் திருகோணமலைக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்குப் போகலாம் என்றார்கள். அதற்கு இராணுவப் பாஸ் வேண்டும். பதிந்தேன். எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள். நோய் வருத்தக்காரர் முதலில், பரீட்சைக்காரர் பிறகு. கலியாணம் கட்டப்போகிறவளுக்கு என்ன அவசரம்? அரிசிக்கு நின்ற வரிசையிலும் பாஸுக்கு நின்ற வரிசையிலும் மூன்று மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடந்த றொபேட் அண்ணையின் கடைப்பக்கம் ஒரு நடை போய்வருவேன். அவர் மூச்சு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்ல?

கார்த்திகையில் கப்பலில் தபால் வந்தது. கொழும்பில் செப்ரெம்பரில் போட்ட கடிதம். அவருடைய கையெழுத்து.

“வெள்ளவத்தையிலை மூண்டு கிழமை நிண்டனான். ஒவ்வொரு நாளும் கடை நம்பருக்கு அடிச்சுப் பாத்தனான். கப்பலிலை வர விடச் சொல்லிக் கேட்டனான், விடேல்லை. வேலைக்குத் திரும்பாட்டில் உம்மைக் கூப்பிடேலாது எண்டு லோயர் சொல்லுறார். அதாலை போறன். நீதவானின்ரை கடதாசி இதுக்குள்ளை இருக்கு. விசாவுக்குத் தேவை. பத்திரமாய் வைச்சிரும்.”

அவ்வளவுதான். பத்திரமாம்! மூன்று வாரம் ஒரே நாட்டில் நின்றுவிட்டுப் போயிருக்கிற மனிதர் எழுதுகிற கடிதமா இது? குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே நீதவானின் கடதாசியைப் பிரித்தேன். ஏழு பக்கம். சட்டமும் இலக்கமும். பதினாலாவது பந்திக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

மனைவி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று சாட்சியிடம் கேட்டேன், என்று நீதவான் எழுதியிருந்தார். சாட்சி நீண்ட நேரம் யோசித்தார். பிறகு பின்வருமாறு கூறினார்: “ஐயா, நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம். இங்கே எல்லாரும் என்னிடம் மரியாதையாகத்தான் கதைக்கிறார்கள். நான் சாப்பிட்டேனா என்று ஒருவருக்கும் தெரியாது. நான் பிழை விட்டால் ஒருவருக்கும் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஏசுகிறாள். மற்ற ஏழு பேரை ஏசுவதைவிட என்னைக் கூட ஏசுகிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். அந்த உரிமை அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. எனக்கு மனைவி என்றால் அது.” இச்சாட்சி உண்மை பேசுபவர் என்று நான் ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். கடதாசி நனையக்கூடாது என்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிய, எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எழும்பி நின்று, புகைக்கூட்டைப் பார்த்து வாய்விட்டு ஏசத் தொடங்கினேன்.

“இதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு வெள்ளைக்கார நீதவானோ தேவைப்பட்டது? போனிலை கேட்டனான், காசு ஓடுதெண்டு வைச்சியள்! மூண்டு கிழமை வெள்ளவத்தையிலை என்ன சாப்பிட்டனீங்கள்? கடைச் சாப்பாடுதானே? அந்த நெஞ்சுச் சளியோடை! அங்கை இப்ப குளிர் தொடங்கியிருக்கும். போன வருசத்துக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிவியள், எனக்குத் தெரியாதோ! புதுசு வாங்கச் சொல்லி எத்தினைதரம் சொன்னனான்? எழுதுற கடிதத்திலை ஒரு வரி, ஒரே ஒரு வரி எனக்கெண்டு எழுதினால் கை முறிஞ்சு போயிடுமோ?”

கிணற்றடியில் நின்ற அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். குசினிக்குள் எட்டிப் பார்த்தார். என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

“ஆரோடை பிள்ளை இப்பிடிச் சத்தம் போடுறாய்?”

“என்ரை மனுசனோடை அம்மா,” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஏசினேன்.